அந்தோணியார் கோயில் ரசீது

பவுலுக்கு முன்பல் நான்கு கிடையாது. மேலே இரண்டு, கீழே இரண்டு. யாரும் அடித்து விழுந்தவை அல்ல, சூத்தை பிடித்துப் போனவையும் அல்ல. இருபத்தாறு வருடம் காற்று டியூப்பைக் கடித்துக் கடித்தே ஆடிப்போய் விழுந்தவை. திரேஸ்புரம் கடற்கரையில் சங்கு குளிக்கப் போகிறவர்களை வரிசையாக நிற்கவைத்துச் சிரிக்கச் சொன்னால், பாதிப் பேர் வாய் பொக்கையாகத்தான் இருக்கும். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் நீளமான டியூப்பின் நுனியைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு பத்துப் பாகம், அதாவது அறுபது அடி, கீழே இறங்கி, தரையில் நடந்து சங்கு பொறுக்க வேண்டும். பல் விட்டால் டியூப் போச்சு, டியூப் போனால் ஆள் போச்சு. இது உடம்புக்கு ஆகாது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அடுப்பு எரிய வேண்டுமே!

வாயில் டியூப் இருப்பவன் பேச முடியாது. அதற்குத்தான் இடுப்பில் கயிறு. மேலே படகில் ஒருவன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கீழிருந்து ஒரு இழுப்பு இழுத்தால், 'எல்லாம் சரியா இருக்கு, நீ உன் சோலியைப் பாரு' என்று பொருள். மூன்று இழுப்பு என்றால் 'தூக்கு'. பவுல் மூன்று இழுப்பு இழுத்ததைக் கண்டவர் குறைவு. ஒரு தடவை காதில் ரத்தம் வடிய மேலே வந்தார். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால்கூட ஒற்றை இழுப்புதான் இழுத்திருந்தார். கயிறு பிடித்த மரியான் ஆத்திரத்தில் கத்தினான்: "செத்தாலும் ஒத்த இழுப்பு இழுத்துட்டுத்தாம்ல நீ சாவ!"

வீட்டில் மகள் ஜெஸ்லினுக்கு அது விளையாட்டு. அப்பா இடுப்பில் துண்டைக் கட்டி, தான் கட்டில் மேல் ஏறி நின்றுகொள்வாள். பவுல் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு இழுக்க வேண்டும். ஒன்று இழுத்தால் அவள் சிரிப்பாள். மூன்று இழுத்தால் பலங்கொண்ட மட்டும் தூக்குவாள். ஏழு வயதில் ஒருநாள் அவர் வாய்க்குள் விரலை விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "யப்பா, நான் பெரிய ஆளாயி உங்களுக்குப் பல்லு வச்சுத் தாரேன்."

பிள்ளைகள் ஆயிரம் சொல்லும். இவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தாள்.

இனி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்குத் தெரியாது. ஜெஸ்லின் பவுலுக்குப் பிறந்தவள் அல்ல. தெருவுக்கே தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது.

பவுலின் தம்பி ரெக்ஸ் கடற்படையில் மாலுமியாக இருந்தான். அவன் மனைவி கிரேசிக்கு விசாகப்பட்டினத்தில் கடற்படை ஆஸ்பத்திரியில் பிறந்தவள் இவள். மூன்றாம் மாதம் காய்ச்சலும் வலிப்பும் கண்டு, பிள்ளை பிழைக்குமா என்றாகிவிட்டது. பிழைத்தால் அந்தோணியாருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று கிரேசி நேர்ந்துகொண்டாள். கொடுப்பது என்றால் விட்டுவிட்டு வருவது அல்ல. பிள்ளையைக் கோயிலில் புனிதரின் காலடியில் கிடத்துவார்கள். கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் ஏலம் கூறுவார். பெற்றவனே கேட்டு எடுத்துக்கொள்வான். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் சும்மா வேடிக்கைக்கு ஏற்றிவிடுவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், கடைசியில் தகப்பன் கையில்தான் பிள்ளை வரும். கடற்கரையில் இப்படி ஏலத்தில் எடுக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு ரெக்ஸ் வாய் திறக்கவில்லை.

லீவு முடிய இரண்டு நாள் இருந்தது. கிரேசி பிரசவத்தோடு உடம்பு உருக்குலைந்து, இரண்டு வயதான மூத்த மகனையே தூக்க முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். உபதேசியார் "ஒரு தரம்" என்றார். ரெக்ஸ் தரையைப் பார்த்தான். "ரெண்டு தரம்" என்றார். கூட்டத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளையில்லாமல் இருந்த பவுல், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கேட்டுவிட்டார். குரல் கடலில் கத்துவதுபோல வந்தது. "மூணு தரம்!" என்றார் உபதேசியார். பவுலின் மனைவி ஆக்னஸ் ஓடிப்போய்ப் பிள்ளையை வாரி எடுத்தாள். கிரேசி அழுதாள். அழுதாளே தவிர, அவள் கை நீளவில்லை.

உபதேசியார் ரசீது எழுதிக் கொடுத்தார். 'அந்தோணியார் வேண்டுதல். குழந்தை ஏலம். பெண் ஒன்று. எடுத்தவர் பவுல், திரேஸ்புரம்.' பவுல் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். ரேஷன் கார்டில் மகள் என்று சேர்த்தார். பிறகு ஆதார், பள்ளிக்கூடம் என்று எல்லாம் அதைப் பின்பற்றியே வந்தன. ஜெஸ்லினுக்கும் அந்த ரசீது தெரியும். தோழிகளிடம் காட்டி, "எங்கப்பா என்னய ஏலத்துல எடுத்தாரு பாத்தியாளா" என்று பெருமையடிப்பாள். எல்லாப் பிள்ளைகளையும்போல, தன் அப்பாவே தன்னை ஏலத்தில் திருப்பி எடுத்தார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ரெக்ஸ் அவளுக்குக் கிறிஸ்மஸுக்குச் சட்டை அனுப்புகிற சித்தப்பா, அவ்வளவுதான்.

நீட் பரீட்சையை இரண்டு தடவை எழுதினாள். இரண்டாம் தடவை, மதுரைப் பக்கம் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. தெருவே மிட்டாய் தின்றது. அதற்கப்புறம்தான் கட்டணக் காகிதம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் சர்க்காரே கட்டியிருக்கும். இவள் படித்தது சிஸ்டர்கள் நடத்துகிற உதவி பெறும் பள்ளி. மகள் நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டுமென்று பவுல் சிஸ்டர்களின் வாசலில் இரண்டு நாள் நின்று வாங்கிய இடம் அது. நல்லதுக்குச் செய்தது இப்படி வந்து முடிந்தது. அந்த வருடம் பவுலின் காதும் கைவிட்டிருந்தது. தண்ணீருக்குள் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மரியானின் இடத்தில் உட்கார்ந்து, இளவட்டங்களுக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்.

கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று, கொச்சியில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ரெக்ஸ் போன் செய்தான். சுற்றி வளைத்து, மழையைக் கேட்டு, மீனைக் கேட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணே, படையில இருந்தவன் பிள்ளையளுக்குப் படிக்க உதவித்தொகை இருக்கு. பல் டாக்டர் படிப்புக்கும் உண்டு. படிப்பு முடியுற வரைக்கும் வருசாவருசம் வரும்."

"நமக்கு அது எப்படிலே?"

ரெக்ஸ் மெல்லச் சொன்னான்: "பிறந்த உடனே நேவில எழுதிக் குடுத்தேம்லா. என் டிஸ்சார்ஜ் புக்குல அவ பேரு இன்னமும் அப்படியேதான் இருக்கு. நான் அத எடுக்கல."

பவுல் போனை வைத்துவிட்டு மகளிடம் போகவில்லை. ஆக்னஸிடம் போனார். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். கேட்டவள் அரிவாள்மணையை விட்டு எழுந்தேவிட்டாள்.

"என்ன பேசுதிய நீங்க? புத்தி கித்தி கெட்டுப் போச்சா? வலிப்பு வந்த பிள்ளைய மார்ல போட்டுக்கிட்டு எத்தன ராத்திரி கெடந்தேன்? அன்னைக்கு வாயத் தொறக்காத பய இன்னைக்கு அப்பங்கிறானோ?"

"அவன் கேக்கல ஆக்னஸ். அவ படிப்பு கேக்குது."

"வேற படிப்பு படிக்கட்டும். டீச்சருக்குப் படிக்கட்டும்."

"நீயே போயி அவகிட்டச் சொல்லு, பாப்போம்."

ஆக்னஸ் போகவில்லை. அவளால் முடியாது என்று இருவருக்கும் தெரியும். பதினோரு வருடமாக அந்தப் பெண் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் போய் எந்த வாயால் வேண்டாம் என்பது? ஆக்னஸ் மறுபடி உட்கார்ந்து மீனை அரிந்தாள். அரிந்து முடித்துவிட்டு, மாதா படத்தின் முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பவுல்தான் மகளிடம் சொன்னார். மறுநாள் காலையில், கடற்கரையில், படகு நிழலில் உட்காரவைத்துச் சொன்னார். ஜெஸ்லின் குறுக்கே பேசாமல் கேட்டாள். அழுவாள் என்று நினைத்திருந்தார், அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏலத்துல சித்தப்பா கேக்கலையா யப்பா?"

பவுல் அவளைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழகாத மனிதர். ஆனாலும் அன்றைக்கு வந்தது பாருங்கள், பிறவிப் பொய்யன்போல!

"கேக்காம இருப்பானா? கேட்டுக்கிட்டேதான் இருந்தான். ஏத்திக்கிட்டே போனான். நான்தான் விட்டுக் குடுக்கல. கடைசில உபதேசியாரே, 'ஏ ரெக்ஸு, போதும்ல, அண்ணன் எடுத்துட்டுப் போட்டும்'னு சொன்ன பொறவுதான் விட்டான்."

அவள் அதை நம்பினாளா, இல்லையா, எனக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினாள்.

முன்னாள் படைவீரர்களின் காரியங்களைப் பார்க்கிற அலுவலகத்தில் பாண்டித்துரை என்றொருவர் இருந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர், நல்ல மனிதர். பவுல் அவரிடம் போனார், ரெக்ஸும் கொச்சியிலிருந்து வந்திருந்தான். பாண்டித்துரை எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பிப் பார்த்தார்.

"டிஸ்சார்ஜ் புக்கும் பிறப்புச் சான்றிதழும் ஒத்துப் போகுது. ரெண்டுலயும் அப்பா ரெக்ஸ். ஆனா ஆதார், ஸ்கூல் டிசி, சாதிச் சான்றிதழ் பூராத்துலயும் அண்ணாச்சிதான் அப்பா. ஒரு பிள்ளைக்கு ரெண்டு அப்பன் இருந்தா மேல திருப்பி அனுப்பிருவாக."

பவுல் இதற்காகவே காத்திருந்ததுபோலச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே, இது ஒன்று போதும், எல்லாம் விளங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார். பிளாஸ்டிக் உறையைப் பிரித்து ரசீதை மேசையில் வைத்தார்.

"இத வைங்க சார். பிள்ள எப்படி எங்கிட்ட வந்துச்சுன்னு இதுல இருக்கு. கோயில் சீல் இருக்கு. பெத்தது அவன், எடுத்தது நான். ரெண்டும் உண்மைதான்னு தெரிஞ்சிரும்லா."

பாண்டித்துரை இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சட்டப்படி தத்து எதுவும் எழுதுனியளா?"

"அதெல்லாம் என்னத்துக்கு சார்? அந்தோணியார் முன்னால எடுத்தது."

"அண்ணாச்சி, தத்து குடுத்த பிள்ளைன்னா, பெத்தவரு பேருல இந்தப் பணம் வராது. இந்தக் காயிதத்தப் பாத்தா எவனாவது, 'பிள்ளையக் குடுத்துட்டாகளே'ன்னு கேள்வி கேப்பான். இத நான் பாக்கல. நீங்களும் வெளிய எடுக்காதிய. ஒருத்தர் கண்ணுலயும் படவேண்டாம்."

பதினெட்டு வருடம் பைபிளுக்குள் இருந்த காகிதம். பவுல் எப்படித் தகப்பன் ஆனார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி. அதை அவர் மடிப்புக் கலையாமல் உறைக்குள் வைத்து, திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ரெக்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குக் கோயிலில் பார்த்தானே, அதே மாதிரி.

நோட்டரி வக்கீலிடம் பிரமாணப் பத்திரம் தயாரானது. வக்கீலின் குமாஸ்தா படித்துக் காட்டினார். 'மேற்படி ஜெஸ்லின் எங்கள் மகள் அல்ல. என் தம்பியின் மகள். படிப்பு வசதிக்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தவள். அவளை நாங்கள் தத்து எடுக்கவில்லை. அவள்மீது எங்களுக்குப் பெற்றோர் என்ற உரிமை எதுவும் இல்லை.'

ஆக்னஸ் பேனாவை வாங்கவில்லை. "தங்கியிருந்தாளாமே! பதினெட்டு வருசமா நாம என்ன லாட்ஜா நடத்துனோம்?" என்று கேட்டாள். பவுல் முதலில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பேனாவை மனைவியின் விரல்களுக்கிடையில் வைத்து மூடினார். அவள் போட்டாள். போட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று அலைந்து ஒவ்வொரு காகிதத்திலும் பவுல் போய் ரெக்ஸ் வந்தான். எல்லா அலைச்சலும் பவுல்தான் அலைந்தார். தன் பேரை அழிக்கத் தானே க்யூவில் நின்ற மனிதனை நான் வேறெங்கும் கண்டதில்லை. வீட்டில் வேறு மகளைப் பழக்கினார்.

"யாரும் கேட்டா டக்குனு சொல்லணும். எங்க, சொல்லு. நான் யாரு?"

"போங்க யப்பா."

"பாத்தியா! கல்லூரில இப்படிச் சொன்னியோ, காரியம் கெட்டுச்சு. பெரியப்பான்னு சொல்லு."

அவள் சொல்லவே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். பவுல், "இவ காரியத்தக் கெடுத்துருவா போலுக்கே" என்று வெளியில் அலுத்துக்கொள்வார். உள்ளுக்குள் அவருக்கு அது எவ்வளவு இனித்தது என்று ஆக்னஸுக்குத்தான் தெரியும்.

உதவித்தொகை கிடைத்தது. ரெக்ஸ் கட்டணத்தில் பாதியை ஏற்றுக்கொண்டான், அவனையும் முழுக்கக் கல்நெஞ்சன் என்று சொல்லிவிடக்கூடாது. ஜெஸ்லின் கல்லூரிக்குப் போனாள். வெள்ளைக் கோட்டுப் போடுகிற விழாவுக்குப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். ரெக்ஸும் கிரேசியும் போனார்கள். அந்தப் படத்தை ஜெஸ்லின் அனுப்பவில்லை, கிரேசிதான் அனுப்பினாள். பவுல் அதைப் பெரிதாக்கி, பெரிதாக்கி, மகளின் முகத்தை மட்டும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வருடம் தினமும் போன் வந்தது. எடுத்ததும் "யப்பா" என்பாள். பிறகு, அறையில் தோழிகள் இருக்கும்போது அந்தச் சொல் குறைந்தது. "சாப்ட்டியளா? காது எப்படி இருக்கு?" என்று தொடங்குவாள். கூப்பிடுகிற சொல் ஒன்று விடுபட்டிருக்கும். அவள்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? வருடாவருடம் அந்தப் பணத்துக்குப் புதிதாக எழுதிப்போட வேண்டும், வருடாவருடம் கல்லூரி கையெழுத்துப் போட வேண்டும். பயந்து பயந்து அடக்கிய சொல், வீட்டுக்கு வந்த பிறகும் சட்டென்று எழும்புவதில்லை. ஆக்னஸ் கேட்டேவிட்டாள்: "ஏளா, அவரு ஒனக்கு யாரு? வாயில என்ன கொழுக்கட்டையா?" ஜெஸ்லின் அழுதாள். பவுல் மனைவியைச் சத்தம் போட்டார்.

மூன்றாம் வருடம் போன் செய்தாள். குரலில் பழைய துள்ளல். "இப்ப எங்களுக்குப் பல்செட் செய்யுற வகுப்பு வந்துருச்சு. நாங்களே செய்யலாம், சார் பக்கத்துல இருப்பாரு. வியாழக்கிழமை வாங்க. சொன்னேம்லா, நான் வச்சுத் தாரேன்னு!"

பவுல் முதல் பஸ்ஸிலேயே போனார். கிறிஸ்மஸுக்கு எடுத்த சட்டை. பையில் மகளுக்கு முந்திரி மக்ரூன் பொட்டலம். காகிதத்துக்கு அலைந்த நாளிலிருந்து வந்த பழக்கத்தில் அந்தப் பிளாஸ்டிக் உறையும் சட்டைப்பையில் கிடந்தது.

பெரிய கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். ஜெஸ்லின் அவரைப் படுக்கவைத்து, நெஞ்சில் துணி கட்டினாள். கையுறை போட்ட விரல்கள் அவர் ஈறுகளைத் தடவிப் பார்த்தன. ஏழு வயதில் எண்ணிய அதே நான்கு இடம். அச்சு எடுக்கிற மாவைக் குழைத்துத் தட்டில் நிரப்பி, "வாயப் பெருசாத் தெறங்க. மூக்கால மூச்சு விடுங்க. கெட்டியாகுற வரைக்கும் அசையப்படாது, பேசப்படாது" என்று சொல்லி வாய்க்குள் வைத்து அழுத்திப் பிடித்தாள். பவுலுக்குச் சிரிப்பு வந்தது. வாயில் எதையாவது கடித்துக்கொண்டு பேசாமல் கிடப்பதை அவருக்கா சொல்லித்தர வேண்டும்?

பேராசிரியர் ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நோயாளிச் சீட்டை எடுத்துப் பார்த்தார். "திரேஸ்புரமா? உங்க ஊர்க்காரரா? யாரும்மா இவரு?"

"பெரியப்பா சார்," என்றாள் ஜெஸ்லின்.

டக்கென்று சொன்னாள். அவர் பழக்கியபடியே சொன்னாள். திக்கவில்லை, திணறவில்லை. அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு ஓடிய பெண்ணுக்கு, நூறு தடவை சொல்லிச் சொல்லி நாக்குப் பழகியிருந்தது. அந்தக் கணத்தில் 'நான் அவ அப்பன் சார்' என்று கத்த ஒரு வெறி வந்தது பவுலுக்கு, ஆனால் வாய் நிறைய மாவு. கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"வலிக்குதா ஐயா?" என்று கேட்டார் பேராசிரியர்.

ஜெஸ்லின் அப்போதுதான் குனிந்து அவர் கண்ணைப் பார்த்தாள். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் முகம் செத்துப்போயிற்று.

பவுல் கையை நீட்டித் துழாவினார். அவளுடைய வெள்ளைக் கோட்டின் ஓரம் அகப்பட்டது. அதைப் பிடித்து ஒரே ஒரு தடவை இழுத்தார்.

ஜெஸ்லினின் கை நடுங்கியது. "ஆட்டாதம்மா, ஆட்டாத, அச்சு கெட்டுரும்!" என்றார் பேராசிரியர். அவளால் நிறுத்த முடியவில்லை. அந்த அச்சு கெட்டுப்போனது. மறுபடியும் மாவைக் குழைத்து முதலிலிருந்து எடுத்தார்கள்.